சிலுவைக்குக் கட்டிய சாரம்

வாளியில் சுண்ணாம்பு கொதிக்கிறது. அந்த மணம் மூக்கில் ஏறியதும் உங்களைத்தான் கூப்பிட்டேன். தாலி கட்டினவர் கண்மூடி மூன்று வருசம் என்று தெரிந்தும் என் வாய் சும்மா இருக்காது. அது உங்களுக்குத் தெரியாததா?

நேற்றுக் காலை நேவிக்காரர் நம்முடைய கரையில் இறங்கிப் பயிற்சி எடுத்தார்கள். அடி தட்டையான பெரிய படகு. மணலில் முட்டியதும் முன்கதவு விழுந்து பாலமாகிறது. உள்ளேயிருந்து வாகனமும் ஆட்களும் வருகிறார்கள். இரண்டு தரம் மணல்திட்டில் இறுகி, மூன்றாம் தரம்தான் கரை சேர்ந்தார்கள். நான் செபமாலையை உருட்டிக்கொண்டு நின்றேன்.

இளம் அதிகாரி ஒருவர் வந்தார். "அம்மா, திட்டுக்கு நடுவால வாற வழிக்குக் கரையில நிக்கிற அந்தச் சிலுவைதானே அடையாளம்? மங்கிப்போச்சு. வெள்ளை அடிக்க ஏலுமோ?"

"ஏன் தம்பி, ஆரைப் பிடிக்கப் போறீங்கள்?"

சிரித்தார். "புயலுக்கு றோட்டு உடைஞ்சால் சாப்பாடும் மருந்தும் இதிலதான் வரும்."

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன்.

உங்களுக்கு நினைவிருக்கும். சண்டைக் காலத்தில், கடலால் ஆமியை இறக்கப் போகிறார்கள் என்று கதை அடிபட்ட கிழமை அது. கோயில் கோபுரமும் கடற்கரைச் சிலுவையும் ஒரே நேர்கோட்டில் தெரிந்தால்தான் வள்ளம் திட்டில் முட்டாமல் வரும். "நாங்கள் வாற வழியாலதான் அவையும் வருவினம்" என்று சிலுவைக்குச் சேறு பூசினீர்கள். எனக்கு நெஞ்சு கொதித்தது. அந்தோனியார் திருநாளுக்கு அதற்கு வெள்ளை அடிப்பது என் நேர்த்திக்கடன். நீங்கள் எழும்பும் முன்னமே போய் அடித்துவிட்டேன். விடிந்து பார்த்தால், பளிச்சென்ற சிலுவைக்கு நேரே ஒரு தட்டைக் கப்பல்.

ஊர் கோயிலுக்கு ஓடியது. நீங்கள் கடலுக்கு ஓடினீர்கள். ஈரச் சுண்ணாம்பில் சேறு ஒட்டவில்லை. உடுத்திருந்த மண்ணிறச் சாரத்தை அவிழ்த்துச் சிலுவையில் சுற்றிவிட்டு, வெறும் காற்சட்டையோடு மணலில் குப்புறப் படுத்தீர்கள். கப்பல் வடக்கே போனது, திரும்பியது, வழி தேடியது. இரண்டு வெடி கேட்டது. பனைக்குப் பின்னால் நின்ற எனக்கு மங்கள வார்த்தைச் செபம் பாதியில் மறந்துபோனது. நீங்கள் அசையவில்லை. கடைசியில் கப்பல் ஆழ்கடலுக்கே திரும்பிப் போய்விட்டது.

நான் அழுதபடி வந்தபோது, "கர்த்தருக்குச் சாரம் கட்டினவன் நான் ஒருத்தன்தான்" என்று மண்ணைத் தட்டினீர்கள். பிறகு மெதுவாக, "வெள்ளை அடிக்க வேண்டாமெண்டு சொல்லேல்லை. கடலில ஆர் நிக்கினமெண்டு பாத்திட்டு அடி."

நீங்கள் போன பிறகு நான் அடிக்கவே இல்லை. ஆனால் போன மாரியில் வெள்ளம் றோட்டை மூடி, பிறெசருக்குப் போடுகிற குளிசை இல்லாமல் நாலு நாள் படுத்துக் கிடந்தேன். எனக்கு அடுத்த வீட்டில் இப்போது பிள்ளைத்தாச்சி ஒருத்தி.

இன்றைக்கு அடிக்கப் போகிறேன். கடலைப் பார்த்துவிட்டேன், நம்முடைய வள்ளங்கள் மட்டும்தான். உங்கள் சாரத்தை அலுமாரியிலிருந்து எடுத்துவிட்டேன். எத்தனை தரம் தோய்த்தும் அந்தச் சுண்ணாம்புக் கறை போகவில்லை. இனி அது கடற்கரைப் பக்க யன்னலோரக் கதிரையில்தான் கிடக்கும், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில்.