பூசைக்கு முன் ஒரு காபி

6 மார்ச் 2003, வியாழன்

விடியும்போதே புழுக்கம். கடல் காற்று இல்லை.

எனக்குச் சர்க்கரை வியாதி இல்லை. நேற்று சாம்பல் புதன் பூசை முடிந்து கோவில் வாசலில் மூன்று பேர் துக்கம் விசாரிப்பதுபோலக் கேட்டார்கள். மூவருக்கும் ஒரே பதில் சொன்னேன். பிப்ரவரியில் எடுத்த ரத்தப் பரிசோதனை, வெறும் வயிற்றில் 114. டாக்டர் சொன்னது, "பார்டர்ல இருக்கீங்க." அவ்வளவுதான். பார்டரில் நிற்பவளை ஊருக்குள் வந்துவிட்டாள் என்று எப்படிச் சொல்லலாம்?

பரப்பியது யார் என்று தெரியும். என் மகன் அருள்தான். மாத்தூரில் வீடு கட்டிக்கொண்டு போனதிலிருந்து என்னையும் கூப்பிடுகிறான். இந்த மாடி வீடு வாடகை வீடுதான், ஆனால் முப்பத்தெட்டு வருடம் இருக்கிறேன். விட மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். இப்போது அவனுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. "அப்பாவுக்கு சுகர்லதான் கால் போச்சு, அப்புறம் அவரே போயிட்டார். நீங்க தனியா இருந்தா எனக்குத் தூக்கம் வராதும்மா."

அவன் போட்ட நிபந்தனை, நான் தலையாட்டியது: 15ஆம் தேதி மறு பரிசோதனை. குறைந்தால் இங்கேயே. கூடினால் மாத்தூர்.

வாக்குக் கொடுத்தாயிற்று. ஒன்பது நாள்.

7 மார்ச், வெள்ளி

டாக்டர் கொடுத்த உணவுத் தாள். ஜெராக்ஸ். எழுத்துப் பிழை ஐந்து. சிவப்பு மையில் திருத்தினேன்.

"சாதம் ஒரு கப்." எந்தக் கப்? வீட்டில் மூன்று அளவில் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊற்றி அளந்து பார்த்தேன். பெரியது சின்னதைப்போல் இரண்டு மடங்கு. அரிசி ஒரு கப்பா, வெந்த சாதம் ஒரு கப்பா? அதுவும் இல்லை.

"கிழங்கு வேண்டாம்." காரட் எதில் சேர்த்தி?

"இனிப்பு தவிர்க்கவும்." இதில் சந்தேகம் இல்லை. சர்க்கரை டப்பாவை அப்படியே கீழ்வீட்டு அம்மாளிடம் கொடுத்துவிட்டேன்.

"சிறிது சிறிதாக, வேளை தவறாமல் சாப்பிடவும்." தவக்கால வெள்ளியில் ஒருசந்தி, ஒரு வேளைதான் முழுச் சாப்பாடு. பங்குச் சாமியாரிடம் கேட்டேன். "நோயாளிகளுக்கு விலக்கு உண்டும்மா" என்றார். விலக்கு வாங்கினால் நோயாளி என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். வாங்கவில்லை.

மாலை நாலு மணிக்குத் தலை சுற்றியது. இது சர்க்கரை கூடியதாலா, குறைந்ததாலா, பசியாலா?

8 மார்ச், சனி

இன்று உண்டது:
கா. 5 கருப்பட்டிக் காபி, பால் இல்லாமல்
கா. 8 இட்லி இரண்டு (வழக்கம் நாலு)
ம. 1 சாதம் நடு கப், கீரை, வஞ்சிரம் ஒரு துண்டு
மா. 4 கருப்பட்டிக் காபி
இ. 7 கோதுமைத் தோசை இரண்டு. தோசை என்று சொல்லத் தகாது. அட்டை.

நடை. தெருவில் நடக்க வழியில்லை, துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வால் நீட்டி நிற்கின்றன. கோவில் வளாகத்துக்குள் சுற்றினேன். கடிகாரம் கட்டவில்லை. ஒரு ஜெபமாலை முடிக்க இருபது நிமிடம், ஒன்றரை ஜெபமாலை அரை மணி. வேகமாக நடந்தால் ஜெபமும் ஓடுகிறது. "அருள் நிறைந்த" என்று தொடங்கியதும் "ஆமென்" வந்து நிற்கிறது. மெதுவாக ஜெபித்தால் நடை நிற்கிறது. எதைக் கெடுப்பது?

10 மார்ச், திங்கள்

தேசம்மா மீன் கூடையோடு வந்தாள். காசிமேட்டிலிருந்து இருபது வருடமாக எனக்கு மீன் கொண்டுவருபவள்.

"இன்னாம்மா, உனக்கு சக்கர வந்துகீதாமே?"

"வரவில்லை. பார்டர்."

"அது இன்னா பார்டரு? பொடவைலயா? உன் புள்ள வழில நிறுத்தி சொல்லிகினு போச்சு, எறா குடுக்காத, வறுக்கற மீன் குடுக்காதன்னு. நான் இன்னா டாக்டரா?"

அவள் புருஷனுக்கும் சர்க்கரை உண்டாம். தினமும் பாகற்காய்ச் சாறாம். "குடிச்சிக் குடிச்சி, இப்ப பாவக்காவுக்கே அவரப் பாத்தா கசக்குது."

சிரித்துவிட்டேன். பிறகு கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன், என் வீட்டில் இதெல்லாம் ஒழுங்காக நடந்தது, என் கணவருக்குச் சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து வெள்ளைச் சர்க்கரை ஒரு சிட்டிகை உள்ளே போக விட்டதில்லை, எல்லாம் தூத்துக்குடியிலிருந்து என் அண்ணன் அனுப்பும் கருப்பட்டிதான் என்று.

தேசம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கீழிருந்து யாரோ கூப்பிட, சங்கரா மீனை என் தட்டில் போட்டுவிட்டு இறங்கிவிட்டாள்.

12 மார்ச், புதன்

வயிறு காலி, தலை கனம். பாவாடை நாடா ஒரு விரல் தளர்ந்திருக்கிறது. நல்ல அறிகுறி என்றே கொள்கிறேன்.

மருமகள் நிர்மலா போன். "அத்தை, பின்னாடி ரூமுக்குப் பெயின்ட் அடிச்சாச்சு. உங்களுக்கு எந்தக் கலர் ஸ்கிரீன் பிடிக்கும்?" நல்ல பெண். எந்த நிறமும் வேண்டாம் என்றேன். சந்தன நிறம் வாங்குவதாகச் சொன்னாள்.

15 மார்ச், சனி

வழக்கம்போல் ஐந்துக்குக் காபி. ஆறு மணிப் பூசை. சாமியார் கையால் நற்கருணை நன்மை வாங்கிக்கொண்டு நேராக ரத்தம் எடுக்கும் இடம். ஏழேகால்.

"சாப்பிட்டீங்களா ஆன்ட்டி?"

"இல்லை. வெறும் வயிறு."

ரத்தம் கொடுத்துப் பஞ்சை அழுத்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்கு அடுத்து ஒரு பெரியவர், விசைப்படகு ஓட்டினவராம்.

"ஐயா, எதாவது சாப்பிட்டீங்களா?"

"டீ தாம்மா. பன்னுகூட துன்னல."

"டீ குடிச்சா எடுக்க முடியாது. நாளைக்கு எதுவும் குடிக்காம வாங்க."

"இன்னாம்மா பேஜார் பண்றே! ஒரு சிங்கிள் டீக்கா?"

"சர்க்கரை போட்டுத்தானே குடிச்சீங்க?"

"சக்கர இல்லாம குடிச்சா அது டீயா? வென்னீரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும். சொன்னதைக் கேட்டு நடக்கத் தெரியாத மனிதர் என்று நினைத்தேன்.

தெருமுனை வரை வந்த பிறகுதான் கால் நின்றது. நான் குடித்தது டீ இல்லை. பால் இல்லை. சர்க்கரை இல்லை. பூசைக்கு முன் ஒரு மணி நேரம் எதுவும் உண்ணக்கூடாது என்பது விதி, அதைச் சரியாகக் காத்தேன். நன்மை வாங்குகிற வயிறு வெறும் வயிறு இல்லையென்றால் வேறு எது?

திரும்பிப் போய்க் கேட்டிருக்கலாம். அந்தப் பெரியவர் இன்னும் வாசலில் நின்றுகொண்டிருந்தார். போகவில்லை.

மாலை ரிப்போர்ட். 121.

இரண்டு இட்லி, அட்டைத் தோசை, ஒன்றரை ஜெபமாலை. அத்தனைக்கும் பிறகு கூடியிருக்கிறது. ஒன்றும் புரியவில்லை.

16 மார்ச், ஞாயிறு

தேசம்மா வந்ததும் மீனைப் பார்க்கவில்லை. நேராகக் கேட்டேன். உன் வீட்டுக்காரருக்குக் கருப்பட்டி கொடுப்பாயா?

"அய்ய, வேணாம்மா! பெரியாஸ்பத்திரில நர்ஸம்மா கத்துச்சே. சக்கர, வெல்லம், கருப்பட்டி, தேனு எல்லாம் ஒண்ணுதான்னு. நாக்குக்கு இனிச்சா ரத்தத்துக்கும் இனிக்கும்னு."

"எப்போது சொன்னார்கள்?"

"அது ஆச்சு அஞ்சு வருசம். போன திங்கக்கெழமயே உன்கிட்ட சொல்ல வந்தேன். நீ அவரப் பத்திப் பேசிகினு இருந்தியா, எனுக்கு வாய் வரல." கூடையைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். "வுடும்மா. அந்தக் காலத்துல யாருக்குத் தெரியும்?"

மீன் வாங்கவில்லை. தேசம்மா நாலு நெத்திலியை வாழையிலையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். பூனை தின்றது.

அவருக்கு நான் கொடுத்த கருப்பட்டிக் காபி, பன்னிரண்டு வருடம். நாளுக்கு மூன்று டம்ளர்.

17 மார்ச், திங்கள்

அருள் வந்தான். மணலியில் ஷிப்ட் முடிந்து நேராக. முகத்தில் கரி, கையில் ஆரஞ்சுப் பை. ரிப்போர்ட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தான்.

"நூத்தி இருபத்தொண்ணு. அம்மா, நீங்க ஒத்துக்கிட்டது."

"தெரியும்."

"மாசக் கடைசியில காலி பண்றோம்னு கீழ ஹவுஸ் ஓனர்கிட்ட சொல்லிட்டேன். கோச்சுக்காதீங்க."

ஒரு வாக்கியம் போதும். "அருள், நான் காபி குடித்துவிட்டுப் போனேன், அந்த எண் தப்பு." வீடு நிற்கும். வாயைத் திறந்தேன்.

"என்னம்மா?"

என்ன காபி என்று கேட்பான். கருப்பட்டியா என்பான். சின்னப் பையனாக இருந்தபோது அப்பாவுக்கு அந்த டம்ளரைக் கொண்டுபோய்க் கொடுத்ததே அவன்தான். கணக்கில் நல்ல மார்க் வாங்கின பிள்ளை. அவனே கூட்டிக்கொள்வான்.

"ஒன்றுமில்லை. ஆரஞ்சு நான் சாப்பிடலாமா?" என்றேன்.

"ஒண்ணு சாப்பிடலாம். ஜூஸ் வேணாம். சுளையாவே சாப்பிடுங்க."

உரித்து, நார் எடுத்து, ஒவ்வொரு சுளையாகக் கொடுத்தான். அவர் கால் போன பிறகு நான் அவருக்குக் கொடுத்ததுபோலவே. புளிப்பா இனிப்பா என்று தெரியவில்லை.

18 மார்ச், செவ்வாய்

பூசைக்குப் போகவில்லை. ஐந்து மணிக்கு எழுந்து காபிக்குத் தண்ணீர் வைத்து, கொதித்ததும் இறக்கிவிட்டேன். தலைவலி.

சொன்னால் வீடு கிடைக்கும். சொல்லாவிட்டால் மாத்தூர், சந்தன நிறத் திரை, யாருக்கும் எதுவும் தெரியாது. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாமா? தெரியாமல் செய்தது பாவமில்லை என்று கன்னியாஸ்திரிகள் படிப்பித்தார்கள். அப்படியானால் ஏன் இப்படி இருக்கிறது?

அவருடைய மூக்குக்கண்ணாடி அலமாரியில். துடைத்து வைத்தேன். டம்ளரைக் கையில் வாங்கியதும், "இது இல்லேன்னா நான் எதுக்கு எழுந்திருக்கணும்?" என்பார்.

அண்ணன் பார்சலில் இன்னும் ஆறு வட்டு கருப்பட்டி. கொடுப்பதா, எறிவதா? யாருக்குக் கொடுப்பது?

19 மார்ச், புதன்

சூசையப்பர் திருநாள். நல்ல காற்று. இன்று எதுவும் குடிக்காமல் பூசைக்குப் போய் வந்தேன். இந்த முப்பத்தெட்டு வருடத்தில் முதல் தடவை.

டாக்டருக்குக் கடிதம். நேரில் கேட்க முடியாது, அருள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். கீழே உள்ளது நகல். நல்ல தாளில் எழுதி, நாளை கிளினிக்கில் கையில் கொடுக்க வேண்டும்.

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

15ஆம் தேதி ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு கருப்பட்டிக் காபி ஒரு டம்ளர் குடித்திருந்தேன். பிப்ரவரியிலும் அப்படியே. கேட்டபோது வெறும் வயிறு என்று சொன்னேன். அப்படித்தான் நம்பினேன். தவறு என்னுடையது, ரத்தம் எடுத்த பெண்ணைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

1. அந்த இரண்டு ரிப்போர்ட்டும் செல்லுமா, மறுபடி எடுக்க வேண்டுமா?

2. பார்டரில் இருப்பவள் தனியாக வசிக்கக்கூடாதா?

3. என் கணவருக்குப் பன்னிரண்டு வருடம் சர்க்கரை நோய் இருந்தது. அத்தனை வருடமும் தினம் மூன்று வேளை நான் இதே காபியைக் கொடுத்தேன். அவர் கால் போனதற்கு அது காரணமா? தேற்றுவதற்காக எதுவும் எழுத வேண்டாம்.

முதல் இரண்டுக்கும் ஒரு தாளில் எழுதவும், அதை மகனிடம் காட்டுவேன். மூன்றாவதற்கு வேறு தாள். அதைக் காட்டுவதா என்று படித்த பிறகு முடிவு செய்துகொள்கிறேன். இம்மாதம் முடிவதற்குள், மாத்தூருக்கு அல்லாமல் இந்த வீட்டு முகவரிக்கே, பதிலை எழுத்தில் அனுப்பவும்.