சொல்தா கேட்ட கேள்வி

ராஜஸ்தான் எல்லை முகாம்
5.1.2003

அன்புள்ள அப்பாவுக்கு,

வேணி எழுதுவது. நான் நலம். உங்கள் மூட்டுவலி எப்படி?

மார்ச் எட்டாம் தேதி என்னை மேஜர் ஆக்குகிறார்கள். எங்கள் பொறியாளர் படைப்பிரிவில் ஒரு பெண் கம்பெனிக்குத் தலைமை ஏற்பது இதுதான் முதல்முறை. அம்மா அப்பாதான் தோளில் பதவிச் சின்னத்தைக் குத்திவிடுவது இங்கே வழக்கம்.

பத்து வருடம் முன்பு சென்னையில் நான் அதிகாரியான அன்று நீங்கள் வரவில்லை. மற்றப் பெண்களின் அப்பாக்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். "பொண்ணுக்கு எதுக்குடி பட்டாளம்?" என்றீர்களே, அந்தக் கோபம் இன்னுமா? பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினாலு அன்று பிரெஞ்சுப் பதக்கமெல்லாம் மாட்டிக்கொண்டு புதுச்சேரிக் கடற்கரையில் நிற்கிற பழைய பட்டாளத்துச் சொல்தாவுக்கு, மகளின் சீருடை மட்டும் கசக்கிறதா? இந்த ஒரு தடவை வாங்கப்பா.

உங்கள் மகள்,
கமலவேணி

*

கருவடிக்குப்பம்
18.1.2003

வேணிக்கு அப்பா எழுதிக்கொண்டது.

உன் வாய் குறையவே இல்லை. கடிதத்தை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "எம் பொண்ணு மேசராவப் போறா" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்து, ரயிலுக்குக் கருவாடு கட்டட்டுமா என்கிறாள். பெட்டியில் இருப்பவர்கள் எங்களை இறக்கிவிடுவார்கள்.

பெண் என்பதற்காகத் தடுத்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நானும் அப்படியே விட்டுவிட்டேன். பிரெஞ்சுப் பட்டாளத்துக்காக அல்ஜீரியா எல்லையில் கண்ணிவெடி புதைத்தவன் நான். விறகு பொறுக்க வந்த ஒருத்திக்கு என் கண்ணெதிரே கால் போனது. போய்த் தூக்கக்கூட எங்களுக்கு உத்தரவில்லை. பாலம் கட்டினேன் என்றுதான் உன் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ கண்ணிவெடி புதைத்தாயா? இல்லை என்று எழுது, மறுநாளே டிக்கெட் எடுக்கிறேன்.

அப்பா,
கலியபெருமாள்

*

ராஜஸ்தான் எல்லை முகாம்
4.2.2003

அப்பா,

எழுதி எழுதிக் கிழித்தேன். "இல்லை" என்று எழுத ஒரு நிமிடம் ஆகாது. நீங்களும் வந்துவிடுவீர்கள்.

புதைத்தேன். போன வருடம், எல்லையில் போர் மூளும் என்றிருந்தபோது, கடுகு வயல்களில், என் உத்தரவில். இப்போது நாங்களே தோண்டி எடுக்கிறோம். மணல் நகர்ந்ததில் சில வெடிகள் குறித்த இடத்தில் இல்லை. அப்படி ஒன்றைத் தேடும்போதுதான் போன மாதம் நம் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைச்சாவடியிலிருந்து வந்த என் சிப்பாய் இளஞ்செழியன் இறந்துபோனான். அவன் வீட்டுக்குக் கடிதம் எழுதியதும் நான்தான்.

இங்கே நான் யாரிடமப்பா அழுவேன்? எல்லாரும் என் முகத்தைப் பார்த்துத்தான் களத்தில் இறங்குகிறார்கள். வருவீர்களா?

வேணி

*

கருவடிக்குப்பம்
17.2.2003

வேணிம்மா,

பிள்ளைச்சாவடிக்குப் போய் வந்தேன். இளஞ்செழியனின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பொண்ணு கைப்பட எழுதியிருந்தாங்கய்யா" என்றாள்.

நீ எனக்குப் பொய் எழுதியிருக்கலாமே, வேணிம்மா. முப்பது வருடத்துக்கு மேலாக நான் அதைத்தானே செய்கிறேன். உண்மையை எழுதினாய். என்னைவிட நீ தைரியசாலி. ஆனாலும் நான் வரமாட்டேன். கோபமில்லை. அந்தத் தோளில் குத்த என் கை எழாது. உன் அம்மாவை அனுப்பி வைக்கிறேன், அவள் குத்தட்டும்.

இந்த வீட்டில் என்னைப் புரிந்துகொள்ள ஒருவராவது வேண்டும் என்று ரொம்ப நாள் ஏங்கியிருக்கிறேன். அது நீயாக இருந்துவிடக் கூடாது என்றுதான் உன்னைத் தடுத்தேன்.

அப்பா