டீப்பாய் நகர்ந்த நாட்கள்

ஜூன் 2

காலையில் இரண்டு சோபா உறை முடித்தேன். மூன்றாவதற்கு ஜிப் வைக்கும்போது ஊசி உடைந்தது. மனசு தையலில் இல்லை, வீட்டு ஹாலில் இருக்கிறது. அப்புறம் எதற்கு உட்கார்ந்திருக்க வேண்டும்? மூன்று மணிக்கே கடையைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை இவருடைய மகள் வருகிறாள். பன்னிரண்டு வயது. அம்மா இறந்ததிலிருந்து ஆறு வருஷமாக அத்தை வீட்டில் வளர்கிறாள். எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். அவளை நாலு தடவைதான் பார்த்திருக்கிறேன். நாலு தடவையும் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்கு வந்தவள் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். இந்த விடுமுறையை இங்கே கழிப்பாள். பிடித்திருந்தால் இங்கேயே பள்ளியில் சேர்வாள். பிடிக்காவிட்டால் திரும்ப அத்தை வீடு. சேர்க்கைப் படிவத்தை இவர் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறார். முப்பதாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். அவளே முடிவு பண்ணட்டும் என்கிறார். நியாயம்தான். ஆனால் பால் எடுக்கப் போகும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாளில்தான் கண் போகிறது.

எனக்கு அவள் இங்கே இருக்க வேண்டும். எங்கேயாவது இதை எழுதித்தானே ஆக வேண்டும். இவருக்காக மட்டும் இல்லை, எனக்கே வேண்டும். நாற்பத்து மூன்று வயதில் இந்த ஆசை எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

கூடவே இரண்டு பூனைகள் வருகின்றன. வரட்டும்.

ஹால் முழுக்க வெறும் டைல்ஸ். தும்மினால் எதிரொலிக்கிறது. அண்ணி, அதாவது இவருடைய அக்கா, அனுப்பிய போட்டோக்களில் எல்லாம் அந்தப் பெண் தரையில்தான் கிடக்கிறாள். புத்தகமும் தரையில், பூனைகளும் தரையில். இந்த டைல்ஸில் படுத்தால் முதுகு விறைத்துப் போகும். ஒரு கம்பளம் வாங்கியாக வேண்டும்.

ஜூன் 4

வாங்கிவிட்டேன். கம்பளக் கடைக்காரர் வீட்டில் குழந்தை உண்டா, நாய் பூனை உண்டா என்று விசாரிக்க ஆரம்பித்தார். நான் இருபது வருஷமாகத் துணியோடு குடித்தனம் நடத்துகிறவள், எனக்கே பாடமா என்று கேட்டேன். மனிதர் வாயை மூடிக்கொண்டார். அடிப்பக்கம் திருப்பிப் பார்த்தேன், ஓரத்தை மடக்கிப் பார்த்தேன், கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தேன். நூல் வளையம் வளையமாக நெருங்கி நிற்கிற கம்பளி. ஆயிரம் பேர் மிதித்தாலும் தேயாது. இளம் சாம்பல் நிறம். விரித்துப் போட்டதும் ஹாலே வேறு மாதிரி ஆகிவிட்டது. நடுவில் டீப்பாயைப் போட்டேன். இவர் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் இரண்டு தடவை நடந்து பார்த்தார்.

ஜூன் 7

வந்துவிட்டாள். ஒரு பெட்டி, இரண்டு கூண்டு. சாம்பல் நிறப் பூனைக்கு மேனேஜர் என்று பெயர். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் எல்லா அறைகளையும் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவாராம். வெள்ளைக்கு மூட்டை என்று பெயர். இறக்கி வைத்த இடத்தில் கிடப்பதால்.

கம்பளத்தை மிதிக்காமல் சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு போய் சோபா நுனியில் உட்கார்ந்தாள். உனக்காகத்தான் வாங்கினேன், தாராளமாக உட்காரு என்றேன். "நல்லா இருக்கு ஆன்ட்டி," என்றாள். ஆன்ட்டி! பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுவது போல. வேறு எப்படித்தான் கூப்பிடுவாள், பாவம்.

பெட்டியைத் திறந்து துணிகளை அலமாரியில் வைக்கவில்லை. பெட்டியிலிருந்தே எடுத்துப் போட்டுக்கொள்கிறாள்.

ஜூன் 8

மேனேஜர் கம்பளத்தின் நாலு மூலைகளையும் மோந்து பார்த்தார். குறை ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 10

சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன்.

மத்தியானம் மேனேஜர் தூங்கி எழுந்தார், முதுகை நீட்டினார், முன்னங்காலைக் கம்பளத்தில் ஊன்றி வறட் வறட் என்று பிறாண்டினார். நகம் ஒரு வளையத்தில் மாட்டிக்கொண்டது. பயந்துபோய் ஓடினார். நூல் அவரோடு ஒரு முழம் ஓடியது. நான் கையில் காபியோடு நின்றிருந்தேன். "ஐயோ, புதுசு! யாரு இத இங்க விட்டது?" என்று கத்திவிட்டேன்.

யாரு இத இங்க விட்டது. அந்தப் பெண் முகத்தில் ரத்தமே இல்லை. ஓடி வந்து மண்டிபோட்டு நகத்தை எடுத்துவிட்டாள், பூனையை அள்ளிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். போகும்போது, சாரி ஆன்ட்டி, இனிமேல் வராது என்றாள். நான் பூனையைத்தான் சொன்னேன். அவளுக்கு அப்படியா கேட்டிருக்கும்? எனக்கே இப்போது அப்படிக் கேட்கவில்லை.

கோபம் என்னவோ ஒரு நிமிஷம்தான் எனக்கு. என்னோடு இருந்து பழகியவர்களுக்கு அது தெரியும். அவள் வந்து மூன்று நாள்தான் ஆகிறது.

ஜூன் 13

டீப்பாய் ஜன்னல் பக்கம் போயிருக்கிறது. நானா நகர்த்தினேன்?

ஜூன் 15

இன்றைக்கு டீப்பாய் வாசல் பக்கம் வந்திருந்தது. முழங்காலில் இடித்துக்கொண்டேன். இவரைக் கேட்டால், இங்கேதான் வெளிச்சம் நல்லா வருது என்கிறார். டீப்பாய்க்கு எதற்கு வெளிச்சம்? அது என்ன பரீட்சைக்குப் படிக்கிறதா? ஊருக்கெல்லாம் கண் பரிசோதித்துக் கண்ணாடி மாட்டிவிடுகிற மனிதர், என்னிடம் மட்டும் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டேன் என்கிறார்.

பெண் நல்ல பெண். தட்டை அவளே கழுவி வைக்கிறாள். கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். அவ்வளவுதான். பூனைகளை அறையிலேயே வைத்திருக்கிறாள், காலையில் மட்டும் கொஞ்ச நேரம் வெளியே விடுகிறாள் போல. நான் நடக்கப் போகிற நேரம் பார்த்து.

ஜூன் 17

காலையில் நடக்கப் போனேன். தெருமுனையிலேயே செருப்பு வார் அறுந்தது. காலை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். கதவு திறந்திருந்தது.

அப்பாவும் மகளும் டீப்பாயின் ஆளுக்கொரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். இவர் மெதுவா மெதுவா என்கிறார். அவள் காலால் தரையைத் தடவி, இங்கே வைங்கப்பா, இதுதான் பெரிசு என்கிறாள். கீழே பார்த்தேன். கம்பளத்தில் ஐந்தாறு இடத்தில் நூல் பிடுங்கி நின்றது. ஒவ்வொரு நாளும் சின்னதையெல்லாம் அமுக்கிவிட்டு, எது பெரிய கிழிசலோ அதன் மேல் டீப்பாயை நகர்த்தி மூடியிருக்கிறார்கள்.

என்னைப் பார்த்ததும் இருவரும் அப்படியே நின்றுவிட்டார்கள். டீப்பாயைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. நான் செருப்பு அறுந்துபோச்சு என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

நான் என்ன பூச்சாண்டியா? என் வீட்டில், என் புருஷன், என்னிடமிருந்து ஒளித்து வைக்கிற அளவுக்கு? முதலில் கோபம்தான் வந்தது. பிறகு கடைக்குப் போய் ஃபோம் அடுக்கி வைத்திருக்கிற இடத்துக்குப் பின்னால் உட்கார்ந்து நன்றாக அழுதேன். நான் பூச்சாண்டிதான். ஒரு கம்பளத்துக்காக.

ஜூன் 18

அண்ணி போன் செய்தார். சுற்றி வளைக்கவில்லை. "உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கா. இருந்தாலும் சொல்றேன். முப்பது வரைக்கும் இருக்கணுமா, முன்னாடியே வந்துடவான்னு கேக்கறா. பூனையால உங்களுக்குக் கஷ்டம்கறா. என்ன ஆச்சு?"

எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. அந்தப் பூனைகள் அவளுடைய அம்மா இருந்தபோது குட்டிகளாக வீட்டுக்கு வந்தவை என்று மட்டும் சொன்னார். இவர் இதை என்னிடம் சொன்னதே இல்லை. கேட்டால், தெரியும்னு நினைச்சேன் என்கிறார். எப்படித் தெரியும்? பூனை வந்து சொல்லுமா?

ஜூன் 19

கடைக்கு ஒரு பழைய சோபா வந்தது. பூனை வளர்க்கிற வீடு. கைப்பிடியில் முரட்டு நெசவுத்துணி, நார் நாராகத் தொங்குகிறது. முதுகுப் பக்கம் வெல்வெட், ஒரு கீறல் இல்லை. அதே வீடு, அதே பூனை.

வெல்வெட்டை விரலால் தடவினேன். நூலின் நுனியை வெட்டிவிட்ட துணி. வளையமே கிடையாது. நகம் மாட்ட இடமில்லை. கைப்பிடித் துணியில் நூலுக்கு நூல் ஓட்டை. என் கம்பளம் முழுக்க வளையம்.

இருபது வருஷமாகக் கால் எங்கே தேய்க்கும், முதுகு எங்கே உரசும் என்றுதான் பார்த்துப் பழகியிருக்கிறேன். நகத்தை நினைக்கவே இல்லை. கடைக்காரர் பாவம், கேட்டார். பூனைக்கென்றே நெய்தது போல ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கி வந்துவிட்டு, பூனை பிறாண்டுகிறது என்று கத்தியிருக்கிறேன். எவ்வளவு பெரிய கெட்டிக்காரி!

ஜூன் 20

கடையிலிருந்து பெரிய கத்தரிக்கோலைக் கொண்டு வந்தேன். அவளைக் கூப்பிட்டேன். பூனைகளோடு வரச் சொன்னேன். வாசலிலேயே நின்றாள்.

டீப்பாயைத் தூக்கி ஓரமாக வைத்தேன். கம்பளத்தை எட்டாக வெட்ட ஆரம்பித்தேன். முதல் வெட்டுக்கே ஓடி வந்தாள். "ஆன்ட்டி, வேண்டாம். நான் அவங்கள அத்தை வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடறேன்."

கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். எனக்கு நன்றாகப் பேச வராது. "தப்பு பூனை மேல இல்ல. உன் மேலயும் இல்ல. நான்தான் தப்பா வாங்கிட்டேன். துணியப் பத்தி எல்லாம் தெரியும்னு ஒரு திமிரு. கத்தினது அதைவிடப் பெரிய தப்பு. இது இனிமே அவங்களோடது, பிறாண்டட்டும். ஆனா பூனையப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. நீ சொல்லித் தரணும்."

மேனேஜர் வெட்டிய துண்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

அப்புறம் சொன்னாள், மேனேஜர் தரையில்தான் பிறாண்டுவார், அதுவும் தூங்கி எழுந்ததும். மூட்டை நின்றுகொண்டு உயரத்தில் பிறாண்டும். "பிறாண்டற எடத்த மூலையில ஒளிச்சு வெச்சா வேலைக்காகாது. நாம உக்கார்ற எடத்துலதான் அதுங்களுக்கும் வேணும்."

சாயங்காலம் முழுக்க வேலை. ஒரு பலகையில் ஒரு துண்டைச் சுற்றி ஸ்டேப்ளர் துப்பாக்கியால் அடித்தேன், அது மேனேஜருக்கு. ஒரு உயரமான கட்டையில் இன்னொன்று, மூட்டைக்கு. அவள் துணியை இழுத்துப் பிடித்தாள். நல்ல கை, தளராமல் பிடிக்கிறாள். கட்டை ஆடாமலிருக்க அடியில் கனமான பலகை வேண்டும் என்று சொன்னதும் அவள்தான். மூட்டை வந்து கட்டையில் நிமிர்ந்து நின்று பிறாண்டியது. அந்தப் பூனை நின்று நான் பார்ப்பது இதுவே முதல் தடவை.

ஜூன் 22

அவளும் நானும் கம்பளக் கடைக்குப் போனோம். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கேள்வி ஒன்றும் கேட்காமல் ஒதுங்கி நின்றார். நானே போய், ஐயா, இரண்டு பூனை உண்டு என்றேன். சிரிக்காமலிருக்க ரொம்பக் கஷ்டப்பட்டார்.

என் வாடிக்கையாளர்களிடம் எப்போதும் சொல்வேன், நிறம் பார்க்க வீட்டிலிருந்து ஒரு துண்டுத் துணி கொண்டுவாருங்கள் என்று. இவளிடம் எப்போது சொன்னேனோ தெரியவில்லை. பையிலிருந்து ஒரு உறையை எடுத்தாள். உள்ளே இரண்டு பூனைகளையும் சீவி எடுத்த முடி. அதை ஒவ்வொரு கம்பளத்தின் மேலும் வைத்து, தள்ளி நின்று பார்த்தாள். கறுப்பில் மூட்டை தெரிந்தது, வெள்ளையில் மேனேஜர் தெரிந்தார். வெள்ளையும் சாம்பலும் கலந்து புள்ளி புள்ளியாக இருந்த ஒன்றில் இரண்டுமே காணாமல் போயின.

அதோடு விட்டாளா? தலையிலிருந்து ஹேர்பின்னைக் கழற்றி நுனியை வளைத்து, நகம் இப்படித்தான் இருக்கும் என்று கம்பளத்தின் மேல் இழுத்தாள். கடைக்காரர் பதறிப்போனார். ஹேர்பின் எங்கேயும் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு போனது. குட்டையான நூல், நுனி வெட்டியது, வெல்வெட் மாதிரியே. என்னைத் திரும்பிப் பார்த்தாள், நீங்களும் பாருங்க என்று பின்னை நீட்டினாள். நானும் இழுத்துப் பார்த்தேன். அடியில் போட வழுக்காத விரிப்பும் அவளே கேட்டு வாங்கினாள்.

பஸ்ஸில் வரும்போது அவள் தலைமுடி முகத்தில் விழுந்துகொண்டே இருந்தது. அந்தப் பின் இனிமேல் உதவாது. என்னுடையதைக் கழற்றிக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டாள்.

ஜூன் 25

புதுக் கம்பளத்தில் குப்புறப் படுத்துப் புத்தகம் படித்தாள். நான் அந்தப் பக்கம் போகவே இல்லை, கண் பட்டுவிடப் போகிறது.

ஜூன் 28

ஃப்ரிட்ஜில் படிவத்தைக் காணோம்.

காந்தம் மட்டும் இருக்கிறது. கேட்க வாய் வரவில்லை. எடுத்துப் போட்டுவிட்டாளா? அறைக் கதவு இடுக்கில் பார்த்தேன், பெட்டி திறந்து கிடந்தது, துணிகளெல்லாம் கட்டிலில். போகத் தயாராகிறாளா? இன்றைக்கு இரண்டு உறைகளுக்கு அளவு தப்பாக வெட்டிவிட்டேன். இருபது வருஷத்தில் முதல் தடவை.

ஜூன் 29

நேற்றே போய்ப் பள்ளியில் கொடுத்துவிட்டார்களாம்! அப்பாவும் மகளும். என்னிடம் சொல்ல மறந்துவிட்டார் இவர். மறந்துவிட்டார்! ஒருநாள் முழுக்க என் உயிர் என்னிடம் இல்லை. கரண்டியை எடுத்துக்கொண்டு துரத்தினேன். அவள் சிரித்தாள், சத்தமாக. என் கோபம் எவ்வளவு நேரம் நிற்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

துணிகளெல்லாம் அலமாரிக்குப் போய்விட்டன. பெட்டிக்குள் மூட்டை தூங்குகிறது.

ஜூலை 16

சாயங்காலம் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். ஹாலில் குபுக் குபுக் என்று ஒரு சத்தம். பூனை வளர்க்கிறவர்களுக்கு அது என்ன என்று தெரியும். எனக்கும் இப்போது தெரியும்.

அவள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கக்கூட இல்லை. அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "ஆன்ட்டி, உங்க மூட்டை கம்பளத்துல வாந்தி எடுத்து வெச்சிருக்கு, வந்து பாருங்க."

உங்க மூட்டை. நல்லது செய்தால் அவளுடையது, வாந்தி எடுத்தால் என்னுடையது. நான் அங்கிருந்தே கத்தினேன், எழுந்து வந்து நீயும் ஒரு கை பிடிடீ என்று. வரேன் வரேன் என்றாள், வரவில்லை. கை கழுவிக்கொண்டு துணியோடு போனேன். நட்டநடுக் கம்பளத்தில் இருந்தது. ஒரு சாண் தள்ளி டீப்பாய், வைத்த இடத்திலேயே நின்றது.