நாற்பது நிமிடத் தூரம்

மார்ச் 3, ஞாயிறு
காலை ஏழு மணிக்கே கொழுந்தனார் குடும்பம் வந்து இறங்கியது. எதிரே ரயில் நிலையம், பின்னால் பேருந்து நிலையம், கடலுக்கு ஒரு மணி நேரம், மலைக்கு இரண்டு. இந்த வீட்டை வாங்கிய அன்று வாயெல்லாம் பல்லாக நின்றவள் நான்தான். இது வீடில்லை, சத்திரம். குளித்தார்கள், தின்றார்கள், மலைக்குக் கிளம்பிவிட்டார்கள். குளியலறை வடிகால் சல்லடையில் ஆறு பேர் முடி. கையால்தான் எடுத்தேன். சீ.

இன்றும் அக்காவைப் பார்க்கப் போகவில்லை. கர்ப்பப்பையை எடுத்துப் பத்து நாள் ஆகிறது. ரயிலில் நாற்பது நிமிடம்.

மார்ச் 5
அக்காவுக்குப் போன் செய்தேன். "பக்கத்துலதான இருக்க, முடியறப்ப வா" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

மார்ச் 10, ஞாயிறு
நாத்தனாரின் ஆபீஸ் தோழிகள் நான்கு பேர். கடலுக்குப் போகிறார்களாம். ஈரத் துண்டு என் தலையணை மேல் கிடந்தது. ஒருத்தி, "நீங்க கொடுத்து வச்சவங்க, நினைச்சா எங்க வேணா போலாம்" என்றாள். அவள் எச்சில் கப்பைக் கழுவிக்கொண்டே சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் குமட்டுகிறது.

மார்ச் 17, ஞாயிறு
எழுதவே கூசுகிறது. எட்டு மணிக்கு ஒரு பெரியவர், கையில் பை. "பதினோரு மணிக்குத்தாம்மா வண்டி" என்று உரிமையாக உள்ளே வந்தார். என் வீட்டுக்காரர் பக்கத்துச் சொந்தம் என்று நினைத்து டிபன் கொடுத்தேன். குளித்தார். சோபாவில் உட்கார்ந்து கால் நகம் வெட்டினார். கடைக்குப் போயிருந்த இவர் வந்து அரை மணி நேரம் மரியாதையாகப் பேசினார். பெரியவர் போன பிறகு, "உங்க மாமா நல்ல மனுஷன்" என்றார்.

"எங்க மாமாவா? உங்க ஆளு இல்லையா அவரு?"

இவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். நான் யாரோ ஒருவரின் நகத்தைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன். சாயங்காலம் மாடி வீட்டுக்காரி, "எங்க ஒண்ணுவிட்ட சித்தப்பா வரேன்னாரு, இங்க யாராவது விசாரிச்சாங்களா?" என்றாள். இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர் தலை வாரிய எங்கள் சீப்பைத் தூக்கிக் குப்பையில் போட்டேன்.

முன்பின் தெரியாத மனிதனுக்கு வெந்நீர் வைத்தேன். கூடப் பிறந்தவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேனா?

மார்ச் 23
நாளை வீட்டைப் பூட்டப் போகிறேன் என்று இவரிடம் சொன்னேன்.
"வர்றவங்க என்ன நினைப்பாங்க?"
"என்ன வேணா நினைச்சுக்கட்டும்."

மார்ச் 24, ஞாயிறு
போனேன். நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள். பாதியாக இளைத்துவிட்டாள். முதலில் என் பையைத்தான் பார்த்தாள்.

"எந்தப் பக்கம் போறீங்க? அவரு ஸ்டேஷன்லயே நிக்கிறாரா?"

"உன்னைப் பாக்கத்தான்க்கா வந்தேன்."

சரி சரி என்று தலையாட்டினாள். மத்தியானம் வரை கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, "உனக்கு வண்டிக்கு நேரமாகலையே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.