காரை கொட்டிய இடத்தில் மட்டும் பச்சை

சூலை 9, செவ்வாய்

"உழவர் பெருமக்களே! உயிரற்ற பொட்டலத்தை உயிருரம் என்று விற்றவர்களைக் கேள்வி கேட்கக் கூடியிருக்கும் தோழர்களே! காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துப் பயிருக்கு ஊட்டும் நுண்ணுயிர்கள் இதற்குள் கோடிக்கணக்கில் உள்ளன என்றார்கள். நம்பி விதையில் கலந்தோம். இன்று நம் சோயா, மஞ்சள் காமாலை கண்ட கண்ணைப்போல் மஞ்சளாய் வெளுத்து நிற்கிறது!"

அடுத்த வார ஞாயிறு கூட்டுறவுக் கிடங்கின் வாயிலில் பேசவேண்டிய உரை இது. குளியலறையில் இருமுறை முழங்கிப் பார்த்தேன். தம்பியின் மனைவி கதவைத் தட்டினாள்: "அண்ணி, போராட்டம் முடிஞ்சா சொல்லுங்க. நானும் குளிக்கணும்."

தம்பி சிரிக்கவில்லை. "இழப்பீடு வாங்கிக் குடுத்தா பாக்கலாம், அக்கா. இல்லைன்னா அன்னிக்கு சாயந்தரமே பயிரை உழுது போட்டுட்டு லாரி ஓட்டப் போயிடுவேன்."

இரண்டு ஆண்டுகளாக அவன் நிலம் விளையவில்லை. ஊரையே எழுப்பும் என் பேச்சு அவனிடம் மட்டும் எடுபடுவதில்லை.

சூலை 11, வியாழன்

மேடையில் காட்டுவதற்கு வெளுத்த செடிகளைப் பறிக்கத் தம்பியின் மனைவியோடு அவர்கள் நிலத்துக்குப் போனேன். ஓரத்தில் ஒரு பட்டை மட்டும் கரும்பச்சையாக, இடுப்புயரம் நின்றது. பழைய மோட்டார் அறையை இடித்தபோது சுண்ணாம்புக் காரையை அங்கேதான் கொட்டிப் பரப்பினார்களாம். அதே விதை, அதே பொட்டலம், ஒரே நாளில் விதைத்தது.

ஒரு செடியை மண்ணோடு பெயர்த்தேன். வேர் முழுதும் மணி மணியாய் முடிச்சுகள். ஒன்றை நகத்தால் பிளந்தேன். உள்ளே சிவப்பு! விரலில் ஒட்டியது. வெளுத்த செடியின் வேரில் தேடித் தேடி இரண்டே முடிச்சு கிடைத்தது. உள்ளே வெறும் வெண்மை.

"இந்தப் பச்சைச் செடியையும் மேடையில காட்டுவீங்களா அண்ணி?"

"தேவையில்லை."

"ஏன்?"

நாவன்மைக்கு மூன்று பட்டயம் வாங்கியவள். குனிந்து வெளுத்த செடிகளைப் பறிக்கத் தொடங்கினேன்.

சூலை 12, வெள்ளி

நாள் முழுதும் ஒரே நினைவு. செடிக்குக் குருதியா?

சூலை 16, செவ்வாய்

இரண்டு இடத்து மண்ணையும் பைகளில் கட்டிக்கொண்டு மண் ஆய்வுக்கூடம் சென்றேன். ஆய்வாளர் பெண்மணி என்னைக் கண்டதும், "போன மாசம் எங்க வாசல்ல நின்னு 'உறங்கும் கூடமே'ன்னு பேசினது நீங்கதானே? தூங்கிட்டிருந்தவங்ககூட எழுந்துட்டாங்க" என்றார். தலைகுனிந்து பைகளை நீட்டினேன்.

சோதித்தார். வெளுத்த இடத்து மண் கடும் புளிப்பு. காரை கொட்டிய இடத்தில் புளிப்பு முறிந்திருக்கிறது.

"பொட்டலம் போலியா இருந்தா அங்கயும் முடிச்சு வந்திருக்காதும்மா. வேர்லேருந்து ஒரு பொருள் கசியும். அது கூப்பிடுற மாதிரி. பொட்டலத்து நுண்ணுயிர் பதில் குடுக்கும். அப்புறம்தான் வேர் வளைஞ்சு உள்ள விடும். மண்ணு புளிச்சுக் கெடந்தா பாதி உயிர் செத்துடும். மிச்சத்துக்கும் கூப்பிட்டது போய்ச் சேராது. தண்ணி தேங்குற இடத்துல மூச்சும் முட்டும்."

"அந்தச் சிவப்பு?"

"நம்ம ரத்தத்துல இருக்கே, அதோட உறவுதான். உயிர்க்காத்தை, அதான் ஆக்ஸிஜனைப் பிடிச்சு அளவாக் குடுக்கும். கூடிப்போச்சுன்னா உள்ள வேலை நின்னுடும்."

"யூரியாவைக் கூட்டிப் போட்டால்?"

"சோறு இலைக்கே வந்துட்டா, செடி எதுக்கும்மா சமையல்காரரைக் கூப்பிடப்போகுது?"

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். என் காலடியில், ஒலிபெருக்கி இல்லாமல், கொடி இல்லாமல், ஓர் அழைப்பு. அதற்கு ஒரு மறுமொழி. ஆரவாரமின்றி வானத்துக் காற்று உணவாகிறது. இருபது ஆண்டுகள் மண், மண் என்று முழங்கினேன். ஒருமுறையேனும் அதன் பேச்சைக் கேட்டேனா?

சூலை 18, வியாழன்

எங்கள் உழவர் மன்றச் செயலாளரிடம் சொன்னேன். அவர் சொன்னார்: "உண்மையாவே இருக்கட்டும். சுண்ணாம்பு போடுங்கன்னு சொன்னா எவன் கைதட்டுவான்? போலிப் பொட்டலம்னு பேசுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

உண்மையைச் சொன்னால் இழப்பீடு போகும். இழப்பீடு போனால் தம்பி போவான். சொல்லாவிட்டால்? அடுத்த வருசமும் அதே புளிச்ச மண்ணுலதானே விதைப்பான் — நான் என்னதான் செய்ய?

சூலை 21, ஞாயிறு

எழுதிய உரையைப் படிக்கவில்லை. இரு செடிகளையும் உயர்த்திக் காட்டினேன். முடிச்சுகளைப் பிளந்து முன்வரிசையிடம் கொடுத்தேன். கைமாறிக் கைமாறிப் பின்வரிசைவரை சென்றன. அத்தனை பேரும் தத்தம் விரல் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 

பின்பு சொன்னேன்: பொட்டலத்தில் பழுதில்லை, பழுது மண்ணில். கூட்டுறவே, மண்ணைச் சோதிக்காமல் இனி ஒரு பொட்டலமும் விற்காதே. சுண்ணாம்புத் தூளை இந்த வாரமே கிடங்கில் இறக்கு.

"அக்கா விலை போயிட்டாங்கடா" என்றது ஒரு குரல். பாதிப்பேர் எழுந்து போனார்கள். செயலாளர் முகம் கொடுக்கவில்லை. கடைசியில் நின்றிருந்த தம்பி, நான் முடிப்பதற்குள் காணாமல் போயிருந்தான்.

மாலையில் அவன் நிலத்துப் பக்கம் டிராக்டர் சத்தம். போய்ப் பார்க்க மனசு வரல. போச்சு, எல்லாம் போச்சு.

சூலை 23, செவ்வாய்

இன்றுதான் போனேன். நீர் தேங்கி அழுகிய கீழ்ப்பாதியை மட்டும் உழுதிருந்தான். வரப்போரம் புதிதாய் வடிகால். மேல்பாதிப் பயிர் அப்படியே நின்றது. சுண்ணாம்புத் தூள் மூட்டைகளோடு இழுவைப்பெட்டி நின்றது. சுண்ணாம்புக் காளவாயிலிருந்து அவனே ஏற்றி வந்திருக்கிறான். தம்பியின் மனைவி மூக்கில் துணி கட்டிக்கொண்டு மூட்டைகள்மேல் நின்றாள்.

"லாரி?" என்றேன்.

"அது எங்க ஓடிடப் போவுது? அடுத்த விதைப்புக்குள்ள இது மண்ணோட கலந்தாகணும்."

அவன் ஒரு மூட்டையை விளிம்புக்கு இழுத்தான். எனக்குப் பழக்கம் விடவில்லை. "தம்பி, இந்த மண்ணின் அடியில்..." என்று தொடங்கினேன்.

"அக்கா, பேச்சு அப்புறம். அந்த முனையைப் புடி. தூக்கு."