ஜெசிந்தாவின் நத்தைத் தொட்டி

அக்டோபர் 2, 2071. காலை 6.00
தொட்டி நீர் பூஜ்யம் டிகிரி. பம்பு ஓடுகிறது. நத்தை 41. நேற்றைவிட இரண்டு குறைவு.
எழுதுவது லூர்தம்மாள், இந்தத் தென்துருவ நிலையத்தின் சமையற்காரி. படிப்பு ஐந்தாம் வகுப்பு. இதுவரை இந்தக் குறிப்பை எழுதியவள் நத்தை ஆய்வுக்கு வந்த என் மகள் ஜெசிந்தா. பனி விரிசலில் விழுந்து இன்றோடு பதினாறு நாள். உடல் கிடைக்கவில்லை. குளிர்காலத்துக்கு நாங்கள் இரண்டு பேர்தான் தங்கினோம். கப்பல் நவம்பரில்தான்.
நத்தை சுண்டைக்காயளவு. வெளியே கடல் புளித்துப்போய் அதன் ஓடு கரைகிறதாம். இந்த இனத்தில் மிச்சம் இந்தத் தொட்டியில் இருப்பதுதான் என்பாள்.
கண்ணாடியில் வெள்ளைப் பொட்டுகள், சுண்ணாம்பு படிந்த மாதிரி. பிளேடால் சுரண்டித் துடைத்தேன்.

அக்டோபர் 9. காலை 6.10
நத்தை 28. பாசி மாவு அவள் அளந்த அதே அளவுதான் போடுகிறேன்.
தலைமை நிலையத்தில் வானொலி பார்க்கும் இளவழகன்: "அம்மா, நத்தைப் படிவத்துல 'இறப்புக்குக் காரணம்'னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க, அதக் காலியா விடாதீங்க. மேல கேக்குறாங்க."
நான்: "இங்க நான் ஒருத்தி, நத்தை இருவத்தெட்டு. அங்க எத்தன பேருய்யா உக்காந்திருக்கிய?"
சிரித்தார். 'தெரியாது' என்று எழுதி அனுப்பினேன். செல்லாது என்று திருப்பிவிட்டார்கள். காரணம் தெரிந்தால் நான் ஏன் சமைக்க வருகிறேன்.

அக்டோபர் 17. காலை 6.00
நத்தை 11. உப்பு சரி. குளிர் சரி. கண்ணாடியை நாளுக்கு இரண்டு தடவை துடைக்கிறேன். அவள் இருந்தபோதுகூடத் தொட்டி இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. ஆனாலும் சாகிறது. எரிச்சலில் ஒரு தட்டை உடைத்தேன். எதையும் முழுதாக எழுதி வைக்காமல் போய்விட்டாள்.

அக்டோபர் 18. காலை 11.30
இளவழகன் யாரோ நத்தை ஆய்வாளரைப் பிடித்துக் கேட்டிருக்கிறார்.
"பயப்படாதீங்கம்மா. முட்ட போட்டுட்டா அது செத்துரும், அதோட ஆயுசே அவ்வளவுதான். முட்ட கண்ணாடியில ஒட்டியிருக்கும், வெள்ளையா, பொட்டு பொட்டா. எத்தனன்னு எண்ணிச் சொல்லுங்க."
வானொலியை அப்படியே விட்டு எழுந்தேன்.
துடைத்த துணியைப் போய் எடுத்தேன். வெந்நீரில் அலசிக் காயப்போட்டிருந்தேன். எதையும் அலசாமல் போட்டுப் பழக்கமில்லை எனக்கு.

நவம்பர் 1. காலை 6.00
நத்தை 2. முட்டை இல்லை. கண்ணாடியை நான் தொடுவதில்லை. உள்ளே மங்கலாகத்தான் தெரிகிறது.

நவம்பர் 3. காலை 6.00
நத்தை 1. இடது மூலையில் ஒரு பொட்டு. டார்ச் அடித்துப் பார்த்தேன். அந்த ஒரு பொட்டுக்குள் முப்பது குஞ்சுப் புள்ளியாவது இருக்கும்.
செத்த ஒன்றுக்குக் காரணம் எழுதினேன்: முட்டையிட்டது.

நவம்பர் 4. பிற்பகல் 1.20
பம்பு மோட்டார் எரிந்துவிட்டது. வேறு மோட்டார் இல்லை. நீர் அசையாவிட்டால் முட்டைக்கு மூச்சு முட்டும். குழம்புக் கரண்டியால் கலக்குகிறேன். குளிர்நீர் வருவதும் பம்பு வழிதான்; இனி அறை ஹீட்டர் போட்டால் தொட்டி சூடாகும் என்று அதை அணைத்துவிட்டேன்.
இளவழகன்: "கப்பல் வர மூணு நாள் ஆகும்மா. அதுவரைக்கும் யாரால கலக்க முடியும்? சாராயத்துல போட்டு மூடி வச்சிட்டுப் படுங்க. ஆய்வுக்கு அது போதும்."
நான்: "நான் கொன்னது போதாதாய்யா? வையி."
வானொலியை அணைத்தேன்.

நவம்பர் 5. காலை 9
வலது கை மரத்துவிட்டது. இது இடது கையால்

நவம்பர் 6. நேரம் பார்க்கவில்லை
எழுதினால் கலக்க முடியவில்லை. இனி எழுத மாட்டேன்.
நத்தை 0. முட்டை 1. உள்ளே அசைகிறது, நன்றாகத் தெரிகிறது.
வருகிறவர்களுக்கு. நான் தொட்டிமேல் சாய்ந்து பேசாமல் கிடந்தால், முதலில் கரண்டியை வாங்கிக் கலக்குங்கள். என்னை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.