மெழுகு இதயம்

செவ்வாய், இரவு.

நாளை காலை இவருக்கு இதய ஒப்பரேசன். அதற்காகத்தான் போர்த்துக்கல் பாத்திமா மாதா திருவிழாவில் மெழுகில் செய்த இதயம் ஒன்று வாங்கினேன். கோயிலில் வாங்கியதை வீட்டுக்குக் கொண்டுவந்துதானே சைவக்காரரான எங்களுக்குப் பழக்கம். சாமித்தட்டில் வைத்தேன்.

இன்று பாரிஸ் லா சப்பல் மரக்கறிக் கடையில், அந்தப் பயணத்தில் கூட வந்த ரீத்தா அக்காவைக் கண்டு சொன்னேன்.

"ஐயோ பிள்ளை, அதை அங்கையே நெருப்பிலை போட்டெல்லோ மன்றாடுறது!" என்றார்.

வீட்டுக்கு ஓடி வந்தேன். கோயில் வாசல் மிதிக்காத மனுசன், தானே விளக்குக் கொளுத்தி மெழுகு இதயத்துக்குக் கிட்ட வைத்திருந்தார். அது பாதி உருகிக் கிடந்தது.

"பயமாக் கிடந்துது, அதுதான் கொளுத்தினனான்" என்றார். உருகியதைக் கவனிக்கவில்லை. பயம் என்று இவர் வாயால் இன்றுதான் கேட்கிறேன்.

மிச்ச மெழுகைத் துணியில் சுற்றி ஒளித்துவிட்டேன். எரியும் விளக்கை நூர்க்கத்தான் கை வரவில்லை.